திங்களும் வெள்ளியும் பொய் சொன்ன லாரி

அந்த வெள்ளிக்கிழமை காலை என் மகள் இனியா, கோழிப்பண்ணை வாசலில் இருந்த கத்தரிப்பூ நிறத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கி நின்றுகொண்டு, ஏற மாட்டேன் என்றாள்.

பண்ணைக்குள் போகிறவர்கள் அந்தத் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியிலிருந்து கோழிகளுக்கு நோயைக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்கான மருந்துத் தண்ணீர் அது. எங்களுக்கு வாசலோடு சரி, உள்ளே அனுமதி இல்லை. இருந்தாலும் அப்படி ஒரு நிறத்தில் தண்ணீரைப் பார்த்த நாலு வயதுக் குழந்தை சும்மா இருக்குமா?

“அம்மா, என் காலைப் பாரு. நாவப்பழம்!”

எனக்கு உடனே கவலை பிடித்துக்கொண்டது. அது தோலுக்கு ஆகுமா? நகத்தில் கறை நிற்குமா? பள்ளியில் மிஸ் கேட்டால் என்ன சொல்வது? ஃபோனில் தேடிப் பார்க்கலாம் என்றால் சிக்னல் வந்து வந்து போனது.

“ஒண்ணும் பண்ணாதுங்கம்மணி” என்றார் பண்ணை சூப்பர்வைசர் தங்கராசு அண்ணன். “நாங்க நாளும் முக்குறமுங்க. உட்டுத்தள்ளுங்க, சின்னப்புள்ள வெளையாடட்டும்.”

காற்றில் தீவனத்தின் கருவாட்டு வாடை. கொட்டகைகளுக்குள் கோழிகள் எல்லாம் சேர்ந்து ஏதோ ஒரு புகாரை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன. வாசலுக்கு உள்பக்கம் ஒரு லாரி நின்றது. அதில் முட்டை அட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. பாதிகூட நிறையவில்லை.

அப்போது லாரியின் இன்ஜின் உறுமியது.

பாதி லோடில் எதற்கு வண்டியை எடுக்கிறார்கள்? நான் இனியாவைத் தொட்டியிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். என் சுடிதாரில் இரண்டு கத்தரிப்பூப் பாதங்கள் பதிந்தன.

அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன், வேலை நாளில் குழந்தையோடு நான் ஏன் கோழிப்பண்ணை வாசலில் நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மேளம் அடிக்கிற வேலை

இனியா பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த காலத்தைப் பற்றி இந்தத் தொடரில் போதுமான அளவு புலம்பியாயிற்று. மறுபடி வேலை கிடைத்தது நாமக்கல்லில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன சாஃப்ட்வேர் அலுவலகத்தில். மூன்று மணியானால் படிக்கட்டு வழியாக பன் வாசனை ஏறி வரும். அதற்குப் பிறகு யாருக்கும் வேலை ஓடாது.

“மூணு மாசம் பாக்கலாமுங்க கவிதா” என்று சொல்லித்தான் பிரபு சார் என்னைச் சேர்த்துக்கொண்டார். எங்கள் முதலாளி அவர். அந்த ‘பாக்கலாம்’ என் காதில் நாள் முழுக்க ஒலிக்கும். இதை விட்டால் எனக்கு வேலை கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோதான். என் வீட்டுக்காரருக்கு இங்கே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வயரிங் வேலை. குழந்தையை எங்கே வைப்பது, யார் பார்ப்பது? ஆகவே இந்த மூன்று மாதத்தில் தேறியாக வேண்டும்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஒன்றோடொன்று பேசாத மூன்று சாஃப்ட்வேர்களைப் பேச வைப்பது.

ஒன்று, பண்ணையில் முட்டை ஏற்றுவதைக் கவனிப்பது. அதை எழுதியது எங்கள் அலுவலகம். இரண்டாவது, லாரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜிபிஎஸ் பெட்டி. அது சேலத்து நிறுவனம் ஒன்றுடையது. மூன்றாவது, பாலக்காட்டில் முட்டையை வாங்கும் வியாபாரியின் கிடங்கில் ஓடுவது. லாரி எப்போது வரும் என்று கணக்குப் போட்டு, இறக்குகிற ஆட்களுக்கு அதுவே மெசேஜ் அனுப்பும். மூன்றையும் எழுதியவர்கள் மூன்று ஊர்க்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

இந்த வேலையை உறவினர்களுக்கு விளக்குவது தனி வேலை. ஜேடர்பாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் என் சித்தி, “ஏஞ்சாமி, வேலைக்குப் போறியாமே, என்ன சோலி?” என்று கேட்டார். இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மண்டபத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

“சித்தி, தாலி கட்டறப்ப கெட்டிமேளம் அடிக்கறாங்கல்ல? அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் அட்சதை போடறோம். ஃபோட்டோக்காரர் கிளிக் பண்றார். சமையல்காரர் இலை போடச் சொல்றார். இவங்க யாரும் ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கறதில்ல. யாருக்கும் யாரும் ஃபோன் பண்றதில்ல. கெட்டிமேளம்னா என்னன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரியும், அவ்வளவுதான். அந்த மாதிரி, கம்ப்யூட்டருங்களுக்குள்ள எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு பொதுவா பேசி முடிவு பண்றது என் வேலை.”

சித்தி பாயசத்தை உறிஞ்சி முடித்துவிட்டு, “அப்ப உன்னைய மேளம் அடிக்கிற சோலிக்கா இஞ்சினீருக்குப் படிக்க வெச்சாங்க?” என்றார்.

பந்தி முழுக்கச் சிரிப்பு. அன்றிலிருந்து என் சொந்தத்தில் நான் மேளக்காரிதான்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் சித்தி சொன்னது அப்படியொன்றும் தப்பில்லை. நாங்கள் செய்ததும் அதுதான். லோடு தொடங்கியது, லோடு முடிந்தது, வண்டி புறப்பட்டது, வந்து சேர்ந்தது என்று நாலு மெசேஜ்கள். எந்த மெசேஜில் வண்டி எண் எங்கே வர வேண்டும், நேரத்தை எப்படி எழுத வேண்டும் என்று மூன்று ஊர்க்காரர்களும் சம்மதித்த ஒரு பொது விதி. ஒருவர் சொல்லி வைப்பார், தேவைப்பட்டவர் கேட்டுக்கொள்வார். ஒருவருக்குப் புரியாத மெசேஜ் வந்தால் கோபப்படாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

பயந்த சுபாவத்தால் நான் கூடுதலாக ஒரு விதியும் சேர்த்தேன். பண்ணைப் பக்கம் சிக்னல் மோசம். ஜிபிஎஸ் பெட்டி சொன்னதையே இரண்டு மூன்று முறை சொல்லும். அதனால் ஒரு பயணத்தில் ‘புறப்பட்டது’ என்று முதலில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்வது, மறுபடி வந்தால் தூக்கிப் போட்டுவிடுவது. இந்த விதியை எழுதிய அன்று என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஒரு தேங்காய் பன் வாங்கிச் சாப்பிட்டேன்.

எல்லோரும் சரி, மொத்தமும் தப்பு

முதல் வாரமே பாலக்காட்டிலிருந்து ஃபோன். வர்கீஸ் சேட்டன், முட்டை வாங்குகிறவர். தமிழும் மலையாளமும் ஒரே வாயில் ஓடும்.

“மேடம், லோறி எவிடே? ஆளு இங்க ரெண்டு மணிக்கூர் நின்னு. பின்னெ வேற லோடு இறக்கான் போயி. இப்ப லோறி வந்நு, ஆளு இல்லா. இந்த வெயிலில் முட்டை பொரிஞ்சு கோழியா வருமா?”

என் திரையில் பார்த்தேன். லாரி காலையிலேயே புறப்பட்டதாக இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. வழியில் எங்கும் நின்றதாகத் தெரியவில்லை.

சேலத்தில் ஜிபிஎஸ் நிறுவனத்தில் என்னைப் போலவே வேலை பார்க்கும் ஷகிலா அக்காவைக் கூப்பிட்டேன். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. எப்போது பேசினாலும் பின்னால் ஒரு குக்கர் விசிலடிக்கும்.

“எங்க பெட்டி பொய் சொல்லாதும்மா. நீ உன் புரோகிராமைப் பாரு.”

“பாத்துட்டேன்க்கா. மூணு வாட்டி பாத்துட்டேன்.”

“நாலாவது வாட்டி பாரு. நீ பாக்கலேன்னா யாரு பாப்பா?”

பார்த்தேன். என்னுடையதும் சரியாகத்தான் இருந்தது. பாலக்காட்டுக்காரருடையதும் சரி. ஒவ்வொன்றும் தனித்தனியாக உத்தமம், மூன்றும் சேர்ந்தால் வர்கீஸ் சேட்டனின் ஃபோன். இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், “நம்ம ரெண்டு ஊட்டுச் சொந்தக்காரங்க மாதிரியா புள்ள?” என்றார்.

கொஞ்ச நாளில் ஒரு விஷயம் புலப்பட்டது. எல்லா நாளும் இப்படி ஆவதில்லை. திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டும்தான்.

அந்த இரண்டு நாளில் மட்டும் என்ன இருக்கிறது? சர்வரை யாராவது நிறுத்தி நிறுத்தி ஓட விடுகிறார்களா? வேறு டிரைவரா? சாலையில் சந்தையா? ஷகிலா அக்கா வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “வாசல்ல வண்டி கொஞ்சம் முன்னாடி போய்ப் பின்னாடி வர்ற மாதிரி காட்டுதும்மா. ஆனா ஜிபிஎஸ்னா அப்படிக் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்” என்றார். நானும் ஆமாம், ஆடும் என்றேன். ‘புறப்பட்டது’ வந்த பிறகு ‘லோடு முடிந்தது’ வந்திருந்ததையும், சிக்னல் கோளாறில் முன்பின்னாக வந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நேரில் போய்ப் பார்க்காமலும் இல்லை. ஒரு புதன்கிழமை போனேன். லோடு ஏறியது, முடிந்தது, வண்டி கிளம்பியது, பாலக்காட்டில் ஆட்கள் சரியாக வந்து நின்றார்கள். பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு ஒழுங்கு. திங்களும் வெள்ளியும் நான் ஏன் போகவில்லை என்று கேட்கலாம். அந்த இரண்டு நாளும் எப்போது ஃபோன் வருமோ என்று கம்ப்யூட்டர் முன்னால் நகம் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் பிரபு சார் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாமல் பேசினால்தான் பயம்.

“ஏனுங்க கவிதா, வர்கீஸ் இந்த இணைப்பே வேண்டாங்கறார். பழையபடி ஃபோன்லயே சொல்லிக்கலாங்கறார். இந்த வாரம், வர்ற வாரம், ரெண்டு வெள்ளிக்கெழமை பாக்கறனுங்க. சரியாகலைன்னா கழட்டிருவமுங்க.”

கழட்டுவது இணைப்பைத்தான். ஆனால் என் காதில் அது என்னைக் கழட்டுவதாகத்தான் விழுந்தது. அதைத் தவிர எனக்கு அங்கே வேறு வேலையும் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை இனியாவின் பள்ளிக்கு ஏதோ விடுமுறை. அவளையும் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன்.

மறுபடி தொட்டிக்கு

லாரி இன்ஜின் உறுமிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

டிரைவர் இறங்கி வந்து முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தார். தங்கராசு அண்ணன் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி வண்டியின் முகத்துக்குக் காட்டினார். ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் அப்படியே ஒதுங்கிக் கும்பிட்டார்கள். லாரி மெல்ல நகர்ந்து, பழங்களை நசுக்கி, வாசலைத் தாண்டிச் சாலையில் பத்தடி தூரம் போய் நின்றது.

என் ஃபோன் ‘டிங்’ என்றது. *வண்டி புறப்பட்டது.*

பிறகு அதே லாரி ரிவர்ஸில் அதே வாசல் வழியாக உள்ளே வந்து பழைய இடத்தில் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போனார். ஆட்கள் மறுபடி அட்டைகளை ஏற்ற ஆரம்பித்தார்கள்.

“ஏனுங்ணா” என்றேன். “வண்டி… எதுக்குங்க போச்சு? எதுக்குங்க வந்துச்சு?”

“இன்னிக்கு வெள்ளிக்கெழமைங்களே” என்றார், அதுவே பதில் என்பது போல.

“ஆமாங்.”

“பத்தரையிலிருந்து பன்னெண்டு ராகு காலமுங்க. லோடு முடியறப்ப அந்த நேரத்துலதான் உழுகும். மலையாளத்துக்குப் போற வண்டிய அந்த நேரத்துல எடுத்தா மொதலாளி ஒத்துக்க மாட்டாருங்க. அதனால முன்னாடியே நல்ல நேரத்துல எடுத்துட்டமுங்க. இனி எப்ப வேணா போலாம்.”

“திங்கக்கெழமை?”

“எமகண்டமுங்க. அதும் அதே நேரந்தான்.”

திங்களும் வெள்ளியும். மற்ற நாட்களில் அந்தக் கெட்ட நேரங்கள் வேறு பொழுதில் விழுகின்றன. இது தெரியாத தமிழ் வீடு உண்டா? எங்கள் சமையலறைச் சுவரில் தினமும் கிழிக்கிற காலண்டரில் இருப்பது. அதைப் பார்க்காமல் நான் காய்கறி வாங்கக்கூடப் போவதில்லை. சர்வரைச் சந்தேகப்பட்டேன், சாலையைச் சந்தேகப்பட்டேன், பாவம் ஷகிலா அக்காவைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

டீ குடித்து வந்த டிரைவர், லோடு முடிந்ததும் நிஜமாகவே கிளம்பினார். ஜிபிஎஸ் பெட்டி மறுபடி ‘புறப்பட்டது’ என்று அனுப்பியிருக்கும். என் கெட்டிக்கார விதி அதைத் தூக்கிப் போட்டிருக்கும்.

“அம்மா, லாரி ஏன் ஜூஸ் போட்டுச்சு?” என்றாள் இனியா, நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்து.

நான் முதலில் வர்கீஸ் சேட்டனைக் கூப்பிட்டு, “ஆளுங்களை ரெண்டு மணி நேரம் கழிச்சு வரச் சொல்லுங்க” என்றேன். “லோறி புறப்பட்டு என்னு காணுந்நு?” என்றார். “அது புறப்பட்டுத் திரும்பி வந்து இப்ப மறுபடி புறப்பட்டிருக்குங்க” என்றேன்.

மங்கல நகர்வு

பிரபு சாருக்கு முதலில் தோன்றியது எல்லாருக்கும் தோன்றுவதுதான். “அதைச் செய்யாதீங்கன்னு சொல்லிரலாமுங்களா?”

யார் சொல்வது? தங்கராசு அண்ணன், “நீங்களே மொதலாளிகிட்டச் சொல்லிப் பாருங்” என்றார். பிரபு சார் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, “வேறென்ன வழிங்க?” என்றார்.

எனக்கும் சொல்ல வாய் இல்லை. இனியாவைப் பள்ளியில் சேர்த்த முதல் நாள், காலை நேரம் சரியில்லை என்று முன்னதாகவே சீருடையும் பையுமாக அவளைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, திரும்ப வீட்டுக்குள் கூட்டி வந்து இட்லி ஊட்டினோம். அதை என் வீட்டுக்காரர் நினைவுபடுத்தினார். “அன்னிக்கு மட்டும் பாப்பா கழுத்துல ஜிபிஎஸ் கட்டியிருந்தா, மிஸ் கேட்ல வந்து காத்துக்கிட்டு நின்னிருப்பாங்க” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஷகிலா அக்காவிடம் தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னேன். எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயம். ஒரு விசில் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, “நாங்களும் பயணம் கிளம்பறப்ப துஆ ஓதிட்டுத்தான் வாசப்படி தாண்டுவோம்மா” என்றார். “ஆனா ஓதித் தாண்டிட்டுத் திரும்பி வந்து பிரியாணி திங்க மாட்டோம்.”

சிரித்து ஓய்ந்த பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினோம். தப்பு எங்கே என்று அப்போதுதான் பிடிபட்டது. பெட்டிக்குத் தெரிந்தது வண்டி வாசலைத் தாண்டியது மட்டும். அது பாலக்காட்டுக்குப் போகிறதா, பத்தடி போகிறதா என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றை அதன் வாயில் நாங்கள்தான் திணித்திருந்தோம்.

ஆகவே புது ஏற்பாடு. ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். பெட்டி ‘வாசல் தாண்டியது’ என்று சொல்லட்டும். பண்ணை ‘லோடு முடிந்தது’ என்று சொல்லட்டும். லோடு முடிந்த பிறகு வாசல் தாண்டினால்தான் ‘புறப்பட்டது’ என்று கணக்கு. பண்ணை முதலாளிக்காகத் தனியாக இன்னொரு மெசேஜும் வேண்டும், நல்ல நேரத்தில் வண்டியை எடுத்தாயிற்று என்று சொல்ல. அவருக்கு முக்கியமான செய்தி அதுதான். மற்றவர்களுக்குப் புரியாவிட்டால் ஒதுக்கிவிடலாம்.

விதி எழுதும் பொறுப்பு என்னுடையது. இது மற்ற ஊர்க்காரர்களும் படிக்கப்போவது. சிறுபிள்ளைத்தனமாக இருந்துவிடக் கூடாதே என்று யோசித்து, அந்த மெசேஜுக்கு ‘சரக்கேற்றத்தைச் சாராத மங்கல நகர்வு’ என்று பெயர் வைத்தேன்.

ஷகிலா அக்கா படித்துவிட்டுக் கூப்பிட்டார். “என்னம்மா, கல்வெட்டு வெட்டறியா?”

‘நல்ல நேரம்’ என்று மாற்றினேன்.

மூன்று தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் விதி மாறும். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வீடியோவில் கூடுவது என்று ஏற்பாடு. நானும் பிரபு சாரும் உள்ளே போனபோது வர்கீஸ் சேட்டன் ஏற்கெனவே இருந்தார். முகத்தில் ஏதோ குழப்பம்.

“மேடம், ஞான் பத்து மணிக்கு கேமரா சரியாக்கும்போ உங்க பண்ணை ஆளு வந்நு. வணக்கம் சொல்லி. ‘ஆரம்பிச்சாச்சுங்க’ என்னு சொல்லி. பின்னெ போயி.”

அப்போது தங்கராசு அண்ணனின் முகம் திரையில் தோன்றியது. “எமகண்டத்துல ஆரம்பிக்க வேண்டாம்னுதானுங்க. இப்பப் பேசலாமுங்க.”

வர்கீஸ் சேட்டன் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் உதடு துடிப்பது தெரிந்தது. “இது தன்னேயாணோ லோறியும் செய்தது?” என்றார். ஆமாம், லாரி செய்ததும் இதேதான் என்றேன். அந்த மனிதர் நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் அவருடைய கேமராவே ஆடியது. நான் எழுதி வைத்திருந்த விளக்கத்தில் ஒரு வரிகூடப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

சிரித்து முடித்துவிட்டுச் சட்டென்று வியாபாரியானார். “சரி. மாத்துங்க. பக்ஷே வெள்ளிக்கெழமை என்டெ ஆளு ஒரு தடவை கூடி வெறுதே நின்னா, எனக்கு ஃபோன் மதி.” அவருடைய ஆட்கள் இன்னொரு முறை வீணாகக் காத்து நின்றால் பழையபடி ஃபோனே போதுமாம்.

ஃபோன் அடிக்காத நாள்

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. “சாயங்காலம் ஆபீஸ் மூடற வரைக்கும் வர்கீஸ் ஃபோன் வரலைன்னா இணைப்பு இருக்குமுங்க. தீவன ஆலைக்காரரும் கேக்கறார், அதையும் நீங்களே பாருங்க. வந்துச்சுன்னா…” என்று பிரபு சார் அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டு அவர் அறைக்குப் போனார்.

காலையில் ‘நல்ல நேரம்’ வந்தது. பண்ணை முதலாளியின் ஃபோனுக்கு மட்டும் போனது. பிறகு லோடு முடிந்தது. வாசல் தாண்டியது. ‘புறப்பட்டது’ என்று திரையில் வந்தபோது எழுந்து நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஃபோன் அடிக்கவில்லை.

மதியமும் அடிக்கவில்லை. வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளமா, எல்லாம் செத்துக் கிடக்கிறது என்பதற்கு அடையாளமா? இந்தத் தொழிலில் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான். அலுவலக ஃபோனிலிருந்து என் ஃபோனைக் கூப்பிட்டு, மணி அடிக்கிறதா என்று பார்த்தேன். அடித்தது. இனியாவைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பன் வாங்கிக் கொடுத்தேன். அவள் பாதி தின்றாள், மீதியை என் கீபோர்டு தின்றது.

சாயங்காலம் திரையில் ‘வந்து சேர்ந்தது’ என்று வந்தது. சந்தோஷப்படலாம்தானே? எனக்கு வேறு யோசனை. லாரி சேர்ந்துவிட்டது, சரி. ஆட்கள் வந்தார்களா? முன்னாடியே வந்து காத்திருந்தார்களா? கோபத்தில் ஃபோன் செய்யக்கூட மனமில்லாமல் இருக்கிறாரா?

தாங்க முடியவில்லை. நானே கூப்பிட்டேன்.

“சேட்டா, நாமக்கல்லிலிருந்து கவிதா.”

“எந்தா மேடம்? பிரச்னம்?”

“இல்லீங்க சேட்டா. அங்க ஏதாவது பிரச்னையான்னு கேக்கத்தான்.”

“இங்க ஒண்ணும் இல்லா.”

“ஆளுங்க வந்துட்டாங்களா?”

“வந்நு.”

“காத்திருந்தாங்களா?”

“இல்லா மேடம். லோறி வந்நு, ஆளு வந்நு, முட்டை இறங்குந்நு.” ஒரு நீண்ட பெருமூச்சு. “ஞான் அட்டை எண்ணிக்கொண்டிருந்நு. உங்க ஃபோன் வந்நு. எண்ணம் தெற்றிப்போயி. இனி முதலிலிருந்து எண்ணணும்.”

திரும்பினேன். பிரபு சார் அறை வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

“அவரு கூப்புட்டாருங்களா, நீங்க கூப்புட்டீங்களா?”

“நான்தானுங்க சார்.”

“அப்பச் சரியாப் போச்சுங்க. திங்கக்கெழமை தீவன ஆலைக்குப் போயிட்டு வாங்க.”

தலையாட்டினேன். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. எண்ணிக்கையைக் கெடுத்ததற்கு வர்கீஸ் சேட்டனிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று என் விரல் மறுபடி ஃபோனுக்குப் போனது. படிக்கட்டிலிருந்து பிரபு சாரின் குரல் மட்டும் ஏறி வந்தது.

“அந்த மனுசன எண்ண உடுங்க கவிதா!”